டெர்பி சிட்டிக்குப் போகும் அமெச்சூர் ஏன் இரண்டே மேட்ச்சில் வெளியேறுகிறார்?

பூல் என்ற மேஜைப் பந்தாட்டத்தின் போட்டிகளில் அதிகம் காணப்படுவது டபுள் எலிமினேஷன் முறை. இரண்டு முறை தோற்றால் வெளியே. 128 பேர் ஆடும் முழு அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 64 பேர் தோற்பார்கள். அந்த 64 பேரும் தோற்றோர் பக்கத்தில் தங்களுக்குள் மோதுவார்கள். அதில் 32 பேர் ஒரு வெற்றிகூட இல்லாமல் மூட்டை கட்டுவார்கள். அடுத்த சுற்றில் இன்னொரு 32 பேர் போய்விடுவார்கள். ஆக, வந்தவர்களில் பாதிப்பேர் அதிகபட்சம் மூன்று மேட்ச்தான் ஆடியிருப்பார்கள். ஆடுபவர்களின் திறமைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. 128 உலக சாம்பியன்களைக் கூட்டி நடத்தினாலும் 32 பேர் 0–2 என்றுதான் வீடு திரும்ப வேண்டும்.

உள்ளூர் லீக்கில் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்த ஒருவர், லீவு போட்டு, விமான டிக்கெட் எடுத்து, நான்கைந்து இரவுக்கு ஹோட்டல் பிடித்துப் பெரிய போட்டிக்குப் போகிறார். மொத்தம் மூன்று மணி நேரம்கூட டேபிளில் நிற்காமல் திரும்புகிறார். 'அன்றைக்கு என் ஆட்டம் சரியில்லை' என்று தன்னையே நொந்துகொள்கிறார். பெரும்பாலும் அது சரியான காரணமில்லை. போட்டியின் அமைப்பு, டேபிளின் குணம், காத்திருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து அவருக்குக் கொடுத்ததே மிகக் குறைந்த நேரம். அந்தக் கொஞ்ச நேரத்திலும் புது டேபிளுக்குப் பழகிக்கொள்வதிலேயே பாதி கரைந்துவிடுகிறது. இதில் மாற்ற முடியாதது எது, முன்கூட்டியே தயாராகக்கூடியது எது என்று பிரித்துப் பார்த்தால் ஏமாற்றத்தில் ஒரு பெரும்பங்கைத் தவிர்க்கலாம். அமெரிக்காவின் டெர்பி சிட்டி கிளாசிக்கை உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். அமெச்சூர்களுக்கு இதைவிடத் திறந்த வாசல் உள்ள பெரிய போட்டி குறைவு. இதைவிடக் கடுமையானதும் குறைவு.

சீட்டு யாருக்கு விழும்?

டெர்பி சிட்டி கிளாசிக் 1999 முதல் நடந்துவருகிறது. தொடங்கியவர் டைமண்ட் பூல் டேபிள் நிறுவனத்தின் கிரெக் சல்லிவன். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தின் செல்லப்பெயர்தான் டெர்பி சிட்டி. போட்டி நடக்கும் கேசினோ, ஒஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், இண்டியானாவின் எலிசபெத் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஜனவரிக் குளிரில், ஒரு வாரத்துக்கும் மேலாக, முதலில் பேங்க் பூல், அடுத்து ஒன் பாக்கெட், கடைசியாக 9-பால் (எண் வரிசையில் பந்துகளை அடித்து, 9-ஐப் போட்டவருக்கு கேம்) என்று மூன்று போட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடரும். கட்டணம் கட்டினால் யாரும் சேரலாம். தகுதிச் சுற்று கிடையாது. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ், தென் டகோட்டாவின் ஷேன் வான் போனிங் போன்றவர்கள் ஆடிய அதே போட்டியில், வார இறுதியில் மட்டும் ஆடும் கணக்காளரும் பெயர் கொடுக்கலாம்.

இங்கே நிலையான அட்டவணை இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மீதமிருப்பவர்களுக்குப் புதிதாகச் சீட்டுக் குலுக்குவார்கள். ஒரு முறை தோற்றவர் மறுநுழைவுக் கட்டணம் கட்டித் தொடரலாம். இதற்குப் பெயர் பை-பேக். இரண்டாவது தோல்வியோடு முடிந்தது. கேட்பதற்கு டபுள் எலிமினேஷன் மாதிரியே இருந்தாலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சாதாரண அட்டவணையில் தோற்றவர் அடுத்ததாகத் தோற்ற இன்னொருவரைத்தான் சந்திப்பார். இங்கே தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே குலுக்கலில் விழுவார்கள். முதல் சுற்றில் ஒரு முன்னணி வீரரிடம் தோற்றவருக்கு, இரண்டாம் சுற்றில் இன்னொரு முன்னணி வீரரே வரலாம். எனவே பை-பேக் கட்டியவர்களில் 0–2 என்று போகிறவர்களின் பங்கு, சாதாரண அட்டவணையைவிட இங்கே கூடத்தான் செய்யும்.

ஃபார்கோரேட் புள்ளிகளை வைத்து இதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். வட டகோட்டாவின் ஃபார்கோ நகரைச் சேர்ந்த மைக் பேஜ் உருவாக்கிய தரவரிசை முறை இது. இரண்டு பேருக்கும் இடையே 100 புள்ளி வித்தியாசம் என்றால், வலுவானவர் இரண்டு கேம் ஜெயிக்கும்போது மற்றவர் ஒன்று ஜெயிப்பார். 200 என்றால் 4:1. 300 என்றால் 8:1. லீக்கில் நன்றாக ஆடும் ஒருவர் 525 புள்ளியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உலகத்தின் முன்னணி வீரர்கள் 800-க்கு மேலே இருக்கிறார்கள்.

முதலில் ஒன்பது கேம் எடுப்பவர் வெற்றி, அதாவது ரேஸ் 9. எதிராளி 625 என்றால், நம் 525-காரர் அந்த மேட்ச்சை ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 7.5 சதவீதம்; பதின்மூன்றில் ஒன்று. எதிராளி 725 என்றால் ஏறக்குறைய நானூறில் ஒன்று. 50 புள்ளி மட்டுமே கூடுதலாக உள்ள 575-காரரிடம்கூட நாலில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அடுத்தடுத்து இரண்டு 625-காரர்களைச் சந்தித்தால், 0–2 என்று முடிய 85 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. கை நடுங்கியதாலோ மனம் தளர்ந்ததாலோ வரும் எண்கள் அல்ல இவை. நன்றாக ஆடினாலும் வருபவை.

ரேஸின் நீளம் இதில் பெரிய விஷயம். அதே 100 புள்ளி வித்தியாசத்தில் ரேஸ் 5 என்றால் வாய்ப்பு 14 சதவீதத்தைத் தாண்டும். ரேஸ் 3 என்றால் 21. மேட்ச் குறுகக் குறுக எளியவருக்கு நல்லது. பேங்க் பூலும் ஒன் பாக்கெட்டும் ரேஸ் 3 என்பதால் அங்கே வாய்ப்பு கூடும் என்று உடனே தோன்றும். பேங்க் பூலுக்கு அது ஓரளவு பொருந்தும். ஒன்பது பந்து வைத்து, ஒவ்வொரு பந்தையும் குறைந்தது ஒரு குஷனிலாவது (டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்பு) பட்டுத் திரும்ப வைத்துப் போட வேண்டும். முதலில் ஐந்து போட்டவருக்கு அந்த கேம். நல்ல பேங்க் கைவந்த அமெச்சூர் ஒருவர் இங்கே பெரிய ஆளை வீழ்த்துவது நடக்கிறது. ஒன் பாக்கெட் வேறு. ஆளுக்கு ஒரு மூலை பாக்கெட், பதினைந்து பந்தில் எட்டை முதலில் தன் பாக்கெட்டில் போட வேண்டும். ஒரே கேமில் பல பத்து முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் அனுபவசாலி கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவார். கேம் எண்ணிக்கை குறைவு என்றாலும் ஒவ்வொரு கேமுமே நீளமானது என்பதால் அதிர்ஷ்டத்துக்கு இடம் சுருங்கிவிடுகிறது. ஒன் பாக்கெட்டை ஒழுங்காகக் கற்காமல் அங்கே பெயர் கொடுப்பது பணத்தை மட்டுமல்ல, தூக்கத்தையும் செலவழிப்பது. ஒரு கேம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் அங்கே நடக்கும்.

டேபிள் ஏன் ஒத்துழைக்காது

அமெரிக்க லீக் ஆட்டத்தில் பெரும்பகுதி பார்களில் இருக்கும் 7 அடி டேபிளில் நடக்கிறது. அதன் ஆடுதளம் சுமார் 39 × 78 அங்குலம். போட்டியின் 9 அடி டேபிளில் 50 × 100 அங்குலம். பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 7 அடியில் கையெட்டும் தூரத்தில் இருந்த பந்துக்கு இங்கே பிரிட்ஜ் ஸ்டிக் தேவைப்படும். சுலபமாகத் தெரிந்த நேர் ஷாட் ஒன்று ஏழெட்டு அடி தூரத்தில் நிற்கும்.

பாக்கெட் இன்னும் மோசம். சாதாரண கிளப் டேபிளில் மூலை பாக்கெட்டின் வாய் 5 அங்குலம் வரை இருக்கும். டைமண்டின் போட்டி டேபிளில் நாலரை. பார்வைக்கு அரை அங்குலம்தான். ஆனால் பந்தின் விட்டம் இரண்டே கால் அங்குலம். பந்து போக மிஞ்சும் இடம்தான் நம் பிழைக்கு உள்ள இடம். 5 அங்குலத்தில் அது 2.75, நாலரையில் 2.25. வாய் 10 சதவீதம் சுருங்கினால் பிழைக்கான இடம் 18 சதவீதம் சுருங்குகிறது. கூடவே இந்த டேபிள்களில் பாக்கெட் வாய்க்கும் பந்து விழும் விளிம்புக்கும் இடையே உள்ள தட்டு ஆழமானது. டேபிளின் ஓரமான ரெயிலை ஒட்டி வரும் பந்தை வேகமாக அடித்தால், பாக்கெட்டின் தாடையில் இரண்டு பக்கமும் மோதிவிட்டு வெளியிலேயே நின்றுவிடும். கிளப்பில் அதே அடி உள்ளே விழுந்திருக்கும். ரெயிலை ஒட்டிய பந்துகளை 'பாக்கெட்டுக்குள் போய் விழும் அளவுக்கு மட்டும்' என்ற வேகத்தில் அடிக்கும் பழக்கம், ஊரிலிருந்து கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்பே வந்திருக்க வேண்டும்.

துணிக்கு வருவோம். மழைக்காலத்தில் கேரம் போர்டு இழுப்பதையும், வெயில் நாளில் பவுடர் போட்ட போர்டில் ஸ்ட்ரைக்கர் பறப்பதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெரிய போட்டிகளில் துணி புதிதாகவும் இறுக்கமாகவும் கட்டியிருக்கும்; சிமோனிஸ் 860 போன்ற, கம்பளியும் கொஞ்சம் நைலானும் சேர்த்து நெருக்கமாக நெய்த வழவழப்பான வகை. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர் ஓடும் மண்டபம், காற்று வறண்டிருக்கும். புதுத் துணியும் வறண்ட காற்றும் சேர்ந்தால் வெள்ளைப் பந்து நிற்கவே மாட்டேன் என்னும். இதற்கு மேல் பதற்றம். பதற்றத்தில் பிடி இறுகி, அடி நாம் நினைத்ததைவிட வேகமாக விழும். வேகமான துணியில் வேகமான அடி. முதல் மூன்று கேமில் அமெச்சூர்கள் பந்தைப் போட்டுவிட்டு, அடுத்த பந்துக்குப் பொசிஷனில் ஓரடி தாண்டிப் போய் நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டின் கூட்டு.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் பந்தின் சுத்தம். ஒரு பந்தைச் சாய்வாக வெட்டி அடிக்கும்போது, இரண்டு பந்துகளும் தொடும் இடத்தில் உள்ள உராய்வு, அடிபட்ட பந்தை வெள்ளைப் பந்து போகும் திசைப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிடும். ஆட்டக்காரர்கள் இதைத் 'த்ரோ' என்பார்கள். மெதுவான, சுழற்சியில்லாத அரைப்பந்து அடியில் (பந்தின் பாதி மட்டும் மோதும் வெட்டு) இது அதிகபட்சமாக 5 டிகிரி அளவுக்கும் போகலாம். பாரில் இருக்கும் பந்துகள் சாக், கைப்பிசுக்கு எல்லாம் ஏறி அழுக்காக இருக்கும். அங்கேயே ஆடிப் பழகியவர், தன்னை அறியாமலே ஒவ்வொரு வெட்டையும் சற்று மெல்லியதாக (பந்தின் ஓரத்தில் குறைவாகத் தொடும்படி) எடுத்து இந்த இழுவையை ஈடுகட்டிக்கொண்டிருப்பார். போட்டியில் பளபளவென்று துடைத்த அராமித் பந்துகள். இழுவை குறைவு. அவருடைய ஈடு இங்கே மிகையாகிவிடும். பந்து மெல்லிய பக்கமாகத் தவறும். வித்தியாசம் ஒன்றரை டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும், 120 செ.மீ. தூரத்தில் அது 3 செ.மீ.க்கு மேல். நாலரை அங்குலப் பாக்கெட்டின் நடுவிலிருந்து ஒரு பக்கம் கிடைக்கும் இடம் 2.9 செ.மீ.கூட இல்லை. 'எல்லாப் பந்தையும் ஒரே பக்கமாக விட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று முதல் மேட்ச் முடிந்து ஒருவர் புலம்பினால், அவருடைய குறியில் கோளாறு இல்லை, பந்து மாறியிருக்கிறது.

தீர்வு எளிது. வீட்டிலோ கிளப்பிலோ பயிற்சிக்குச் சொந்தமாக ஒரு நல்ல செட் பந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு ஆட வேண்டும். கிளம்புவதற்கு முன் ஆறு வாரமாவது 9 அடி டேபிளில், முடிந்தால் டைமண்டிலேயே ஆட வேண்டும். அதற்காக ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டியிருந்தாலும் போகலாம். போட்டிக்கான மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பெட்ரோல் ஒன்றுமே இல்லை.

கியூ கைப்பையில் வராது

அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறை, பூல் ஆடும் கோலான கியூவைக் கைப்பையோடு உள்ளே விடாது. சரக்கில்தான் போக வேண்டும். இரண்டாகக் கழற்றும் கியூவின் ஒவ்வொரு பாதியும் சுமார் 29 அங்குலம். அதன் கடினப் பெட்டி 32 முதல் 34 அங்குலம். பெரிய சூட்கேஸில் மூலைவிட்டமாக வைத்தால் அடங்கும். துணிமணிகளை இரண்டு பக்கமும் அடைத்துவிடலாம். இணைப்பு முனைகளுக்கு மூடி போட மறக்கக்கூடாது. திருகு மரை நசுங்கினால் அங்கே சரிசெய்ய நேரம் இருக்காது. ஜனவரியில் மாறிச்செல்லும் விமானம் என்றால் பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம் என்று எண்ணியே திட்டமிட வேண்டும்: மேட்ச்சுக்கு முந்தின நாள் அல்ல, அதற்கும் முந்தின நாள் போய்ச் சேருங்கள்.

மர ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி) வைத்திருப்பவர்கள், வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்காமல் அறையில் சில மணி நேரம் விட்டுவைப்பது நல்லது. ராத்திரி காரின் டிக்கியில் விடவே கூடாது. கார்பன் ஃபைபர் ஷாஃப்டுக்கு இந்தக் கவலை இல்லை. கியூவின் நுனித் தோலான டிப்பைப் பொறுத்தவரை, கிளம்பும் வாரத்தில் புது டிப் ஒட்டுவது வேண்டாத வேலை. புதுத் தோல் அடிவாங்கி இறுகும்வரை உயரமும் வளைவும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் முன்பே மாற்றி, பக்கவாட்டில் பிதுங்கியதைச் சீவி, வளைவைச் சரிசெய்துவிட வேண்டும்.

கியூ வந்து சேரவில்லை என்றால், கடன் வாங்கிய கியூவில் பக்கச் சுழற்சியை நம்பாதீர்கள். வெள்ளைப் பந்தின் இடமோ வலமோ அடிக்கும்போது பந்து எதிர்ப்பக்கமாக விலகும் அளவு ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் மாறும். நடுக்கோட்டில் மேலும் கீழும் மட்டுமே அடித்து ஆடினால் இழப்பு குறையும்.

காத்திருப்பும் ஐந்து நிமிடமும்

சுற்றுக்குச் சுற்று குலுக்கல் என்பதால், அடுத்த எதிராளி யார், எந்த நேரம் என்பது முந்தைய சுற்று முடியும்வரை தெரியாது. ஒன் பாக்கெட் மேட்ச்கள் இழுத்தடித்தால் மொத்த நேர அட்டவணையும் பின்னுக்குத் தள்ளிப்போகும். பகல் பதினொரு மணிக்கு ஒரு மேட்ச், அடுத்தது நள்ளிரவை ஒட்டி என்று அமைவது அங்கே நடக்கக்கூடியதுதான். காலையில் ஏற்றிய சூடும் உற்சாகமும் ராத்திரிக்குள் வடிந்துவிடும். இதில் அமெச்சூர்கள் செய்யும் பெரிய பிழை, நாள் முழுக்க மண்டபத்திலேயே நின்று மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பது. கால் கடுத்து, கண் வறண்டு, டேபிளுக்குப் போகும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கேசினோ ஹோட்டலிலேயே அறை எடுப்பது செலவுதான். ஆனால் மேட்ச்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் படுத்து எழும் வசதி, பத்து மைல் தள்ளிய மலிவான விடுதியில் கிடைக்காது. மேட்ச் அழைத்த பிறகு வரத் தாமதமானால் வாக் ஓவர் கொடுத்துவிடுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பசிக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். சூடேற்றிய வறண்ட காற்றில் தாகம் தெரியாமலே உடம்பில் நீர் குறையும்.

திரும்பும் விமானத்தை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுப்பது அவசியம். ஜெயித்துவிட்டு, அடுத்த சுற்று நாளை என்று கேட்டு, விமானத்துக்காக மேட்ச்சை விட்டுக்கொடுப்பதுபோல் மனம் வெறுக்கும் முடிவு வேறில்லை.

மேட்ச்சுக்கு முன் அந்த டேபிளில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதை எப்படிச் செலவழிப்பது? பெரும்பாலானவர்கள் பந்துகளைச் சிதறவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். நம்பிக்கைக்கு நல்லது; தகவல் எதுவும் கிடைக்காது. அதற்குப் பதில், முதலில் வெள்ளைப் பந்தை மட்டும் லேகிங் வேகத்தில், அதாவது எதிர் ரெயிலில் பட்டுத் தொடங்கிய பக்கத்து ரெயில் அருகே வந்து நிற்கும் அளவுக்கு, அனுப்பித் திரும்ப வரவையுங்கள். நான்கைந்து முறையில் துணியின் வேகம் கைக்குத் தெரிந்துவிடும். எப்படியும் முதல் பிரேக் (கேமைத் தொடங்கும் அடி) யாருக்கு என்பதை, இப்படி உருட்டி ரெயிலுக்கு நெருக்கமாக நிறுத்தும் லேக்தான் தீர்மானிக்கும். அடுத்து, நீளவாக்கில் மிக மெதுவாக ஒரு பந்தை இரண்டு பக்கமும் உருட்டி, எங்கேயாவது சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓர் அரைப்பந்து வெட்டை மெதுவாக அடியுங்கள். மேலே சொன்ன த்ரோ எவ்வளவு என்று உடனே தெரியும். ஒரு குறுக்கு பேங்க்கை மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை. வேகம் கூடினால் கோணம் சுருங்கும். எவ்வளவு என்பது டேபிளுக்கு டேபிள் மாறும். மூன்று ரெயில் சுற்றும் கிக் (வெள்ளைப் பந்து முதலில் ரெயிலில் படும் அடி) ஒன்று: புதுத் துணியில் பந்து வழுக்குவதால் இது வழக்கத்தைவிட நீண்டு போகும், ரெயிலில் பதித்த குறிகளின் கணக்கில் அரை டைமண்ட்கூடத் தள்ளிப்போகலாம். கடைசியாக ஒன்றிரண்டு பிரேக். நேரம் போதவில்லை என்றால் பிரேக்கை விட்டுவிடலாம், லேகை விடக்கூடாது.

மேட்ச்சுக்குள்

தன்னைவிட வலியவரிடம் ஆடும்போது, முடியாத பந்துகளையும் துணிந்து அடித்து 'ஒரு கை பார்ப்பது' அமெச்சூரின் இயல்பு. 30 சதவீத ஷாட் ஒன்றைத் தவறவிட்டால், லீக்கில் எதிராளியும் தவறவிட வாய்ப்புண்டு. இங்கே அவர் மீதியைத் துடைத்துவிடுவார். தவறின் விலை வேறு. எனவே 50 சதவீதத்துக்குக் கீழே தோன்றும் எந்த ஷாட்டுக்கும் முதலில் சேஃப்டி (எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி வைப்பது) உண்டா என்று தேட வேண்டும். பிரேக்குக்கு அடுத்த புஷ் அவுட்டும் (எந்தப் பந்தையும் தொட வேண்டிய கட்டாயமில்லாமல் வெள்ளைப் பந்தைத் தள்ளி வைத்து, அடுத்த அடி யாருக்கு என்பதை எதிராளியிடம் விடுவது) அப்படித்தான். வெள்ளைப் பந்தை எங்கே தள்ளி வைத்தால் எனக்கும் அவருக்கும் சம அளவு கஷ்டம் என்று யோசிப்பவர்கள் அமெச்சூர்களில் குறைவு. பேங்கில் நீங்கள் அவருக்கு ஈடு என்றால் பேங்க் வரும் இடத்தில் வையுங்கள். நீண்ட நேர் ஷாட்டில் அவர் மேல் என்றால் அதை விட்டுவைக்காதீர்கள்.

பிரேக்கில் பலத்தைவிட வெள்ளைப் பந்து டேபிளின் நடுவில் நிற்பதுதான் முக்கியம். ரேக்கில் (தொடக்கத்தில் பந்துகளை அடுக்கும் அமைப்பு) இடைவெளி இல்லாமல் பந்துகள் ஒட்டியிருந்தால் ஓரத்துப் பந்து மூலை பாக்கெட்டுக்குப் போகும் பழக்கம் உண்டு. அதற்கு முழு பலமும் தேவையில்லை. ஆனால் 9-ஐ டேபிளில் குறித்துள்ள புள்ளியில் வைத்து ரேக் செய்யும் விதி என்றால் அது அவ்வளவு சுலபமாகப் போகாது. ரேக் யார் வைப்பது, எதைப் புள்ளியில் வைப்பது, பிரேக் மாறி மாறியா ஜெயித்தவருக்கா, வெள்ளைப் பந்தைத் தவிர மற்றதைத் தொட்டால் ஃபவுலா என்பதையெல்லாம் முதல் கேமுக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். லீக் விதியை மனதில் வைத்துக்கொண்டு ஆடி, நடுக் கேமில் வாக்குவாதத்தில் இறங்கினால் கவனம் போய்விடும்.

எதிராளி மூன்று கேம் தொடர்ந்து ஓட்டும்போது நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார வேண்டிவரும். கை விறைத்துவிடும். கண் டேபிளின் மேல் இருக்கட்டும்; அவர் எந்த வேகத்தில் அடிக்கிறார், பேங்க் எங்கே வந்து சேர்கிறது என்பதெல்லாம் இலவசத் தகவல்.

பணம்

பை-பேக் கட்டலாமா? 9-பாலுக்கு மட்டுமே வந்திருந்தால் கட்டுங்கள். பயணச் செலவோடு பார்த்தால் அது சிறு தொகை. டேபிள் நேரத்தை இரட்டிப்பாக்க வேறு வழி இல்லை. மூன்று போட்டிக்கும் பெயர் கொடுத்து, கையில் பணமும் அளவாக இருந்தால், பேங்க்கிலும் ஒன் பாக்கெட்டிலும் மறுநுழைவை விட்டுவிட்டு 9-பாலுக்கு வைத்துக்கொள்வதே என் தேர்வு.

தோற்ற எரிச்சலில் இருப்பவரை நோக்கி, காசு வைத்து ஆடலாமா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார். 'உனக்கு 8-ஐத் தருகிறேன்' என்பார். அதாவது நீங்கள் 8-ஐப் போட்டாலும் கேம் உங்களுக்கு. தாராளமாகத் தோன்றும். ஆனால் பிரேக் அடித்து ஒரே மூச்சில் துடைப்பவரிடம், நீங்கள் டேபிளுக்கு வந்தால்தானே 8 உதவும்? இந்தப் பேரத்தை இரவெல்லாம் செய்து வாழ்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். களைத்த அமெச்சூரின் கையிருப்பு என்ன என்பதை அவர்கள் பார்த்த பார்வையில் கணித்துவிடுவார்கள். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மேட்ச் முடிவை வைத்து மட்டும் பயணத்தை அளந்தால் எப்போதும் தோல்விதான் தெரியும். கேம் கணக்கை வையுங்கள். 100 புள்ளி மேலே உள்ளவரிடம் ரேஸ் 9-ல் தோற்கும்போது நான்கு அல்லது ஐந்து கேம் எடுத்தால் அது உங்கள் தரத்துக்குச் சரியான ஆட்டம். 200 மேலே என்றால் இரண்டு. 300 மேலே என்றால் ஒன்று. 9–1 என்பதே அங்கே சராசரி. இரண்டு மேட்ச்சிலும் சேர்த்து எதிர்பார்ப்பு ஆறரை கேம், எடுத்தது எட்டு என்றால், 0–2 என்று வெளியேறியிருந்தாலும் தரத்துக்கு மேலே ஆடியிருக்கிறீர்கள். எடுத்தது மூன்று என்றால், எந்த வகை ஷாட்டில் விட்டது என்று அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்: பொசிஷன் தாண்டிப் போனதா, மெல்லிய பக்கம் தவறியதா, தாடையில் நின்றதா, சேஃப்டி திறந்துவிட்டதா. நான்குக்கும் பயிற்சி வேறு வேறு.

இரண்டாம் நாளிலேயே வெளியேறினால் மீதி நாட்களுக்கும் வேலை இருக்கிறது. டெர்பி சிட்டியில் முன்னணி வீரர்களின் ஆரம்பச் சுற்று மேட்ச்கள் பெரும்பாலும் தனி அரங்கில் அல்ல, மற்றவர்கள் ஆடும் சாதாரண டேபிள்களிலேயே நடக்கும். சில அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். மேட்ச்சின் நடுவைப் பார்ப்பதைவிட, தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். அவர் பயிற்சியில் எந்தப் பந்தை முதலில் அடிக்கிறார், ஒரே பேங்க்கை எத்தனை வேகத்தில் அடித்துப் பார்க்கிறார், முதல் இரண்டு கேமில் எந்த ஷாட்டுக்கு மறுத்து சேஃப்டி ஆடுகிறார் என்று குறித்துக்கொண்டால், அடுத்த ஜனவரிக்கான பயிற்சித் திட்டத்தில் பாதி அங்கேயே தயாராகிவிடும்.